முழங்கால் நழுவுகிறது, ஆனால் வலி இடுப்பில்: 7 மாத மினியேச்சர் பின்ச்சர் குட்டியின் தொடை எலும்புத் தலைச் சாவு

7 மாத ஆண் மினியேச்சர் பின்ச்சர் குட்டி, எடை 3.2 கிலோ. வலது பின்னங்காலில் 6 வாரமாக நொண்டல். ஆரம்பத்தில் தூங்கி எழுந்ததும் நாலைந்து அடி மட்டும் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது, அப்புறம் தானாகச் சரியானது. மூன்றாவது வாரத்திலிருந்து ஓடும்போது அந்தக் காலை ஊன்றவே இல்லை. என்னிடம் வந்த நாளில், நிற்கும்போது விரல் நுனி மட்டும் தரையில் பட்டது. எடை முழுக்க இடது காலில். விழுந்ததாகவோ அடிபட்டதாகவோ வீட்டில் யாருக்கும் நினைவில்லை. சாப்பாடு பாதியாகக் குறைந்திருந்தது.

வளர்க்கும் அம்மா முதலில் கேட்டது நொண்டலைப் பற்றி அல்ல. "கோபக்காரனா மாறிட்டான் டாக்டர். இடுப்புப் பக்கம் கை போனாலே கடிக்க வர்றான். பயிற்சி கொடுத்தா சரியாகுமா?" என்றுதான் கேட்டார். மடியில் ஏறிப் படுத்த குட்டி சில வாரங்களில் தொட்டாலே சீறும் குட்டியாக மாறினால், அதற்கு வலிதான் காரணமா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்தக் குட்டி தன் வலது இடுப்பையும் விலாவின் பின்பக்கத்தையும் அடிக்கடி நக்கி, கடித்து, முடியை உதிர்த்து வைத்திருந்தது. அதைத் தோல் அரிப்பு என்று நினைத்து ஷாம்பூவை மாற்றியிருந்தார்கள்.

ஏற்கெனவே ஒரு மருத்துவமனையில் காட்டியிருந்தார்கள். இரண்டு முழங்கால்களிலும் சிப்பி உள்பக்கமாக நழுவுகிறது, இரண்டாம் நிலை என்று எழுதி, ஓய்வும் 10 நாள் வலி மருந்தும் கொடுத்திருந்தார்கள். மருந்து உள்ளே இருந்தவரை கொஞ்சம் தேவலை, நிறுத்தியதும் பழையபடி. அங்கே எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு முழங்கால்களும் தெளிவாக இருந்தன. இடுப்பு படத்துக்குள் வரவில்லை.

முழங்காலில் நின்றுவிடும் கை

முழங்கால் சிப்பி நழுவுகிறது என்ற கண்டுபிடிப்பு சரிதான். நான் தொட்டபோதும் இரண்டு பக்கமும் நழுவியது, காலை நீட்டியதும் தானாகத் திரும்பியது. சின்ன இன நாய்களில் இது மிகச் சாதாரணம். நொண்டி வரும் குட்டியின் முழங்காலைத் தொட்டதும் சிப்பி நழுவினால், காரணம் கிடைத்துவிட்டது என்று கை அங்கேயே நின்றுவிடும். இளம் சிறு நாய்களில் இடுப்பு நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தக் குட்டியில் முழங்காலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று காட்டிய விஷயங்கள் சில உண்டு. சிப்பி இரண்டு பக்கமும் ஒரே அளவில் நழுவுகிறது, நொண்டல் மட்டும் ஒரு காலில். சிப்பி நழுவும் நாய் பொதுவாக ஓடும்போது இரண்டு மூன்று எட்டு காலைத் தூக்கிவிட்டு, சிப்பி உள்ளே திரும்பியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இங்கே நொண்டல் நாள் முழுக்க இருந்தது, வாரத்துக்கு வாரம் கூடியது. சிப்பியை விரலால் நகர்த்தியபோது குட்டி முகத்தைக்கூடத் திருப்பவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், தசை. பின்னால் நின்று இரண்டு தொடைகளையும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளால் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்தது. டேப் வைத்து அளந்தபோது இடது தொடைச் சுற்றளவு 16.5 செ.மீ., வலது 14 செ.மீ. பிட்டத் தசையும் வற்றி, தொடை எலும்பின் வெளிமேடு தோலுக்கடியில் துருத்திக்கொண்டு இருந்தது. இரண்டாம் நிலை சிப்பி நழுவல் ஒரு பக்கத் தசையை மட்டும் இப்படிக் கரைக்காது.

வலிக்கும் காலைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். முதலிலேயே தொட்டால் குட்டி இறுகிவிடும், அப்புறம் எங்கே தொட்டாலும் கத்தும். முதுகெலும்பை இடுப்புவரை அழுத்தினேன், எதிர்ப்பு இல்லை. முழங்காலையும் கணுக்காலையும் முழுக்க மடக்கி நீட்டினேன், பேசாமல் இருந்தது. முழங்காலில் முன்பின் ஆட்டம் இல்லை. அதனால் உள் தசைநார் அறுந்திருக்க வாய்ப்பில்லை. கடைசியாக இடுப்பைப் பின்னால் நீட்டினேன். பாதி தூரம் போகும் முன்பே கத்தித் திரும்பியது. காலைப் பக்கவாட்டில் விரித்தபோதும் அப்படியே. நீட்சி 120 பாகையில் நின்றுவிட்டது. இடது பக்கம் 155 வரை சிரமமில்லாமல் போனது. வலது இடுப்பைச் சுற்றும்போது உள்ளே ஒரு மெல்லிய உராய்வு கையில் உணர முடிந்தது.

காய்ச்சல் இல்லை. ரத்த அணுக்கள், கால்சியம், பாஸ்பரஸ், சிறுநீரக மதிப்புகள் எல்லாம் வயதுக்கேற்ற அளவில் இருந்தன. இந்த நோயில் ரத்தப் பரிசோதனை எதையும் காட்டிக் கொடுக்காது. மயக்க மருந்துக்கு முன் பாதுகாப்புக்காகவும், மூட்டில் சீழ்க்கிருமி, சத்துக் குறைபாட்டால் எலும்பு மெலிதல் போன்றவற்றைத் தள்ளிவைக்கவும்தான் அதைச் செய்தோம்.

எக்ஸ்ரே

வலியோடு இருக்கும் குட்டியைப் பிடித்து அழுத்தி இடுப்பு எக்ஸ்ரே எடுக்கக் கூடாது. படமும் கோணலாக வரும், குட்டிக்கும் துன்பம். லேசான மயக்கத்தில் மல்லாத்திப் படுக்கவைத்து, கால்களை நீட்டி ஒரு படம், மடக்கி விரித்துத் தவளைக்கால் நிலையில் ஒரு படம் எடுத்தோம். இரண்டாவது படத்தைத் தவிர்க்காமல் எடுங்கள் என்று இளம் மருத்துவ நண்பர்களிடம் வற்புறுத்துவேன். தொடை எலும்புத் தலையின் வெளிவரம்பில் ஏற்படும் சிறு சரிவு சில நேரம் அந்த நிலையில்தான் தெரிகிறது.

வலது தொடை எலும்பின் தலை உருண்டையாக இல்லை. மேல்பக்கம் தட்டையாகி, ஓரம் வெளியே பரவியிருந்தது. உள்ளே கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டான நிழல்கள். அடர்த்தி குறைந்த இடங்கள் எலும்பின் கழுத்துவரை, அதாவது தலைக்குக் கீழே குறுகும் பகுதிவரை, இறங்கியிருந்தன. கழுத்து இடது பக்கத்தைவிடத் தடித்திருந்தது. தலைக்கும், அது பொருந்தி நிற்கும் இடுப்பெலும்பின் கிண்ணக்குழிக்கும் நடுவே இடைவெளி அகன்றிருந்தது. வலது தொடைத் தசையின் நிழலே இடதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல்தான். இடது இடுப்பில் எந்தக் குறையும் தெரியவில்லை.

தலைக்கு அடியில் இருக்கும் குருத்தெலும்பு அடுக்கான வளர்ச்சித் தகடு முறிந்து தலை விலகியிருந்தால் அந்தத் தகட்டின் கோட்டிலேயே இடைவெளியும் நகர்வும் தெரிந்திருக்கும். இங்கே தலை இருந்த இடத்திலேயே நசுங்கியிருக்கிறது. பிறவி இடுப்புத் தளர்ச்சியில் கிண்ணக்குழி ஆழமற்று இருக்கும், பெரும்பாலும் இரண்டு பக்கமும். இங்கே கிண்ணக்குழி நன்றாகவே உருவாகியிருந்தது. வயது, இனம், ஒரு பக்க நொண்டல், தசை மெலிவு, இந்தப் படம், எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ரத்தம் வராமல் தொடை எலும்புத் தலை சாகும் லெக்-கால்வே-பெர்தஸ் நோய் என்பதில் சந்தேகம் இல்லை.

நோய் தொடங்கிய முதல் வாரங்களில் எக்ஸ்ரே முற்றிலும் இயல்பாக இருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது எம்.ஆர்.ஐ. காட்டும். அந்த வசதி இல்லையென்றால், இடுப்பை நீட்டும்போது வலிக்கிற சின்ன குட்டிக்கு 3 அல்லது 4 வாரம் கழித்து மறுபடி படம் எடுப்பதுதான் வழி. முதல் படம் இயல்பாக இருந்தது என்பதற்காகக் கோப்பை மூடிவிடக் கூடாது.

எலும்பு எப்படிச் சாகிறது

குழந்தைகளில் இந்த நோயை அமெரிக்காவின் லெக், பிரான்சின் கால்வே, ஜெர்மனியின் பெர்தஸ் ஆகிய மூவரும் 1910இல் தனித்தனியாக விவரித்தார்கள். அதற்கு முன் இதை இடுப்புக் காசநோய் என்று நினைத்திருந்தார்கள். இதில் கிருமி எதுவும் இல்லை. ரத்தம் வராமல் எலும்பு சாகிறது, அவ்வளவுதான்.

வளரும் நாயில் தொடை எலும்புத் தலைக்கும் கழுத்துக்கும் நடுவே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தகடு இருக்கிறது. கீழே எலும்புக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் அந்தத் தகட்டைத் தாண்டி மேலே போவதில்லை. எனவே தலைக்குப் போகும் ரத்தம், கழுத்தின் வெளிப்பரப்பில், மூட்டு உறைக்குள் ஒட்டி ஓடும் மெல்லிய குழாய்களையே நம்பியிருக்கிறது. தலையைக் கிண்ணக்குழியோடு இணைக்கும் தசைநார் வழியாக வரும் ரத்தம் நாயில் மிகக் கொஞ்சம். வளர்ச்சித் தகடு மூடும்வரை மாற்று வழி கிடையாது. மூட்டுக்குள் அழுத்தம் கூடி அந்த மெல்லிய குழாய்கள் நெரிபட்டால் தலை பட்டினியாகிறது. நோய் 4 மாதத்துக்கும் 11 மாதத்துக்கும் இடையிலேயே, அதிலும் 6, 7 மாதத்தில் அதிகமாக வருவதன் பின்னணி இதுதான்.

அடுத்து நடப்பதைத்தான் வளர்ப்பவர்களுக்குப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. எலும்பு செத்த அன்று நாய் நொண்டுவதில்லை. செத்த எலும்பும் கொஞ்ச காலம் எடையைத் தாங்கும். மேலே மூடியிருக்கும் குருத்தெலும்பு சாவதில்லை, அது மூட்டுத் திரவத்திலிருந்து சத்தை எடுத்துக்கொள்கிறது. பிறகு உடல் சீர்செய்யக் கிளம்புகிறது. புதிய ரத்தக்குழாய்கள் உள்ளே நுழைகின்றன, கூடவே எலும்பைக் கரைக்கும் செல்களும் வருகின்றன. செத்த எலும்பைக் கரைக்கும் வேகம் அதிகம், புதிய எலும்பு கட்டும் வேகம் குறைவு. இந்த இடைவெளியில்தான் தலை பலம் இழக்கிறது. கரையான் அரித்த கதவு நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும், சாய்ந்தால் உள்ளே இடியும். குட்டி ஓடுகிறது, குதிக்கிறது. உள்ளே நுண்ணிய முறிவுகள் விழுகின்றன. ஒரு நாள் தலையின் மேற்பரப்பு நசுங்குகிறது. அன்றைக்குத்தான் வலி பெரிதாகிறது. "நேற்றுவரை நன்றாக இருந்தான்" என்று சிலர் சொல்வது பொய்யல்ல. நோய் சில வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும், நசுங்கியது நேற்றாக இருக்கும்.

குழந்தைகளுக்கும் இதே நோய் வருகிறது, ஆனால் சிகிச்சை வேறு. பெரும்பாலும் 4 முதல் 8 வயதில் வரும், பையன்களுக்கு அதிகம். நாய்களில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. குழந்தைக்கு இன்னும் பல ஆண்டு வளர்ச்சி பாக்கி இருப்பதால், தலையைக் கிண்ணக்குழிக்குள் நன்றாகப் பொருந்தும்படி வைத்துக் காத்திருந்தால் எலும்பு மறுபடி உருண்டையாக வடிவம் எடுக்க வாய்ப்பிருக்கிறது. சின்ன இன நாய் ஒரு வயதுக்குள் வளர்ந்து முடிந்துவிடுகிறது. நம்மிடம் வரும்போதே தலை நசுங்கியிருக்கும். திருத்தி வளர அதற்கு நேரம் இல்லை. இணையத்தில் குழந்தைகளைப் பற்றிப் படித்துவிட்டு "காத்திருந்தால் சரியாகுமாமே" என்று கேட்கும் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

காத்திருப்பதா, வெட்டுவதா

தலை இன்னும் நசுங்காமல், எக்ஸ்ரேயில் லேசான மாற்றம் மட்டும் இருந்தால், கூண்டு ஓய்வும் வலி மருந்தும் கொடுத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. அப்படியும் நல்ல முடிவு கிடைப்பது நாலில் ஒரு நாய்க்கும் குறைவுதான். வடிவம் கெட்ட தலை கிண்ணக்குழியில் உராய்ந்துகொண்டே இருக்கும். வலி குறைந்தாலும் மூட்டுத் தேய்மானம் வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

இந்தக் குட்டியில் தலை ஏற்கெனவே நசுங்கியிருந்தது. இன்னும் ஒரு மாதம் ஓய்வில் வைத்தால் எலும்பில் எந்த லாபமும் இல்லை. தசையில் நிச்சயம் நஷ்டம். தலையையும் கழுத்தையும் நீக்கும் அறுவையில், நாய் பிறகு நடப்பது எலும்பை நம்பி அல்ல. எலும்போடு எலும்பு உரசாமல் நடுவே உருவாகும் நாரிழைத் திசுவும், இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளும்தான் புதிய மூட்டு. அந்தத் தசை வற்றிய பிறகு அறுவை செய்தால் அறுவை நன்றாக இருக்கும், நடை சுமாராக இருக்கும். விபத்தில் இடுப்பு விலகி உடனே அறுவை செய்த நாயைவிட, பல வாரம் நொண்டிய பிறகு வரும் இந்த நோயாளிகள் காலை ஊன்ற அதிக நாள் எடுப்பதும் இதனால்தான்.

செயற்கை இடுப்பு மூட்டு பற்றியும் பேசினோம். இப்போது 3 கிலோ நாய்க்கும் பொருந்தும் மிகச் சிறிய மூட்டுகள் இருக்கின்றன. நடை இன்னும் இயல்பாக அமைய வாய்ப்பு அதிகம். ஆனால் அதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும், செலவு பல மடங்கு, மூட்டு விலகுவது போன்ற சிக்கல்கள் வந்தால் மறு அறுவை தேவைப்படும். இந்த எடையில் தலையை நீக்கும் அறுவையே மிக நல்ல பலன் தருவதால் குடும்பம் அதைத் தேர்ந்தெடுத்தது. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

இன்னொரு கேள்வி தவறாமல் வரும்: "கால்சியம் பத்தலையா?" இல்லை. இந்த நோய்க்கும் கால்சியத்துக்கும் தொடர்பில்லை. நல்ல முழுமையான உணவு சாப்பிடும் குட்டிக்கு மேலே மேலே கால்சியம் பொடி கொடுப்பதால் செத்த எலும்பு உயிர்க்காது. அந்தப் பொடியை நிறுத்தச் சொன்னேன்.

அறுவை

3 கிலோ குட்டியை வெகு நேரம் பட்டினி போடக் கூடாது, ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். பட்டினியைச் சில மணி நேரத்தோடு நிறுத்தி, மயக்கத்துக்கு முன்னும் நடுவிலும் சர்க்கரை பார்த்தோம். உடல் சூடு இறங்காமல் இருக்க மேசையிலேயே வெப்ப விரிப்பு. மயக்கம் கொடுத்த பின் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் வலிமறப்பு ஊசி போட்டதால் வாயு மயக்க மருந்தின் அளவைக் குறைவாகவே வைக்க முடிந்தது.

இடதுபக்கமாகப் படுக்கவைத்து, தொடை எலும்பின் வெளிமேட்டுக்கு முன்னால் வழக்கமான முன்-வெளிப்பக்க அணுகல். ஆழ் பிட்டத் தசையின் தசைநாரைப் பாதி மட்டும் வெட்டி விலக்கி, மூட்டு உறையைத் திறந்தோம். தலையைக் கிண்ணக்குழியோடு இணைக்கும் தசைநார் தடித்து நைந்திருந்தது. அதை வெட்டியதும் தலை வெளியே வந்தது. குருத்தெலும்பு பளபளப்பு இழந்து மடிப்பு மடிப்பாக இருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே இறங்கியது.

வெட்டும் கோடுதான் இந்த அறுவையின் உயிர். முழங்கால் சிப்பி நேராக மேலே பார்க்கும்வரை காலை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, வெளிமேட்டின் உள் அடியிலிருந்து உள்மேட்டுக்குச் சற்று மேல்வரை வெட்ட வேண்டும். காலைச் சரியாகத் திருப்பாமல் வெட்டினால் கழுத்தின் பின்பக்கத்தில் ஒரு கூர்முனை மிஞ்சிவிடும். அது கிண்ணக்குழியின் விளிம்பில் குத்தி, அறுவைக்குப் பிறகும் நாயை நொண்டவைக்கும். நீளமான மயக்கத்துக்குப் பயந்து அவசரப்பட்டு இந்த இடத்தைச் சரிபார்க்காமல் மூடிவிடக் கூடாது. வெட்டிய பரப்பை விரலால் சுற்றித் தடவி, பின்பக்கம் இருந்த சிறு விளிம்பை அரத்தால் தேய்த்தேன். பிறகு காலை வெளிமேட்டில் அழுத்திப் பிடித்தபடி எல்லாத் திசையிலும் சுற்றினோம். உராய்வு எங்கும் இல்லை. பின்னால் ஓடும் பெரிய நரம்பு பாதுகாப்பாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, மூட்டு உறையைக் கிண்ணக்குழியின் மேல் இழுத்துத் தைத்து மூடினோம். மேசையில் இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தோம்.

எடுத்த தலையைக் குறுக்கே வெட்டியபோது நடுவில் வெளிறிய மஞ்சள் நிறச் செத்த பகுதி தெரிந்தது. திசுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். எலும்புக் கம்பிகளில் செல் இல்லாத வெற்றுக் குழிகள், அவற்றுக்கிடையே புதிய ரத்தக்குழாய்களும் நாரிழையும், மேலே தடித்த குருத்தெலும்பு. கிருமி இல்லை, கட்டி இல்லை என்று அறிக்கை வந்தது. நோயை எக்ஸ்ரேயிலேயே முடிவு செய்துவிட்டாலும் தலையைக் குப்பையில் போடாமல் அனுப்புவது நல்ல பழக்கம்.

வீட்டில் நடந்ததுதான் பாதி சிகிச்சை

எலும்பு முறிவு அறுவைக்குப் பிறகு நாயை அசையவிடாமல் வைப்போம். இதில் நேர் எதிர். சீக்கிரம் அசைக்காவிட்டால் புதிய மூட்டு இறுகிப்போய், காலைப் பின்னால் நீட்டவே முடியாமல் ஆகிவிடும். எதிரெதிரான இந்த இரண்டு முறைகளையும் தெளிவாகச் சொல்லி அனுப்பாவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் பாசத்தில் தூக்கியே வைத்திருப்பார்கள்.

முதல் 3 நாள் இடுப்பில் 10 நிமிடம் குளிர் ஒத்தடம், நாளைக்கு மூன்று வேளை. நான்காம் நாளிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடம், உடனே காலை மெதுவாக மடக்கி நீட்டும் அசைவு, ஒரு வேளைக்கு 15 முதல் 20 முறை. வலிக்கும் எல்லைவரை போக வேண்டாம், அதற்குச் சற்று முன் நிறுத்தி ஐந்து நொடி பிடிக்கச் சொன்னேன். மெலாக்சிகாம் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., பிறகு தினமும் 0.1 மி.கி., உணவோடு. கூடவே இரண்டு வாரம் காபாபென்டின். இங்கே ஒரு எச்சரிக்கை: மனிதர்களுக்கான காபாபென்டின் திரவ மருந்தில் சைலிடால் என்ற இனிப்பு இருக்கலாம், அது நாய்க்கு நஞ்சு. வீட்டில் இருக்கும் இபுபுரூஃபனையும் "சின்னதா உடைச்சு" கொடுக்கவே கூடாது.

வலியை அடக்காமல் உடற்பயிற்சி செய்யச் சொல்வதில் அர்த்தமில்லை. குட்டி கையைக் கண்டாலே ஒளிந்தால், மருந்து போதவில்லை என்று பொருள். இந்த வீட்டில் ஐந்தாம் நாள் அப்படி நடந்தது. காபாபென்டினை நாளைக்கு இரண்டு வேளையிலிருந்து மூன்று வேளையாக்கியதும் சரியானது.

வாரைக் கையில் பிடித்துக்கொண்டு மிக மெதுவாக நடத்த வேண்டும். இது எல்லாவற்றையும்விட முக்கியம். வேகமாகப் போனால் நாய் மூன்று காலில் ஓடிவிடும், அதற்கு அது சுலபம். மெதுவாக நடந்தால்தான் நாலாவது காலை ஊன்ற வேண்டிய கட்டாயம் வரும். வழவழப்பான தரை முழுக்க விரிப்பு போட்டார்கள். பாதத்தின் அடி முடியைக் கத்தரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் விரல் நுனி தரையில் பட்டது. 12ஆம் நாள் தையல் பிரித்தபோது மெதுநடையில் நாலு எட்டுக்கு ஒன்று ஊன்றியது. மூன்றாம் வாரத்திலிருந்து நீருக்கடியில் நடைபயிற்சி; தண்ணீர் எடையைத் தாங்குவதால் குட்டி பயமின்றிக் காலை நீட்டியது. ஆறாம் வாரம் மெதுநடையில் ஒவ்வொரு எட்டும் ஊன்றியது, ஓடும்போது மட்டும் இடையிடையே தூக்கியது. வலது தொடைச் சுற்றளவு 14.5 செ.மீ. அந்த அம்மாவுக்கு ஏமாற்றம்தான். பக்கத்து வீட்டு நாய்க்கு மூன்று வாரத்தில் சரியாகிவிட்டதாம். அந்த நாய் எத்தனை வாரம் நொண்டிய பிறகு அறுவைக்குப் போனது என்று கேட்டேன். விபத்து நடந்த மறுநாளே என்றார். அவருக்கே விடை கிடைத்துவிட்டது.

அதன் பிறகு உட்கார்ந்து எழும் பயிற்சி, லேசான ஏற்றத்தில் நடை. மூன்றாம் மாத முடிவில் சுற்றளவு 16 செ.மீ. (இடது 17), இடுப்பு நீட்சி 140 பாகை, வலி இல்லை. கால் சில மில்லிமீட்டர் குட்டைதான். குட்டி முழங்காலையும் கணுக்காலையும் கொஞ்சம் நிமிர்த்தி அதை ஈடுகட்டிவிட்டது. மருந்துகள் முன்பே நின்றுவிட்டன. கடிக்க வரும் பழக்கம் இரண்டாம் மாதத்திலேயே போயிற்று. பயிற்சியாளர் யாரும் தேவைப்படவில்லை. முழங்கால் சிப்பி இப்போதும் நழுவுகிறது, ஆனால் தொந்தரவு தரவில்லை. தொடைத் தசை பலமாக இருக்கும்வரை அதைத் தொட வேண்டியதில்லை.

குட்டியைப் பெற்ற நாய்களும் இன்னொரு இடுப்பும்

மான்செஸ்டர் டெரியர், வெஸ்ட் ஹைலண்ட் ஒயிட் டெரியர், யார்க்ஷயர் டெரியர், டாய் பூடில் போன்ற இனங்களில் இந்த நோய் பரம்பரையாக வருவதற்கு வலுவான தடயங்கள் இருக்கின்றன. மினியேச்சர் பின்ச்சர், பக், கெய்ர்ன் டெரியர் ஆகியவையும் அடிக்கடி பாதிக்கப்படுபவை. தாய் தந்தை இருவரும் நோயில்லாமல் இருந்தும் குட்டிக்கு வருகிறது என்பதால், பெற்றோர் நன்றாக நடக்கிறார்கள் என்ற பதில் போதாது. இந்தக் குட்டியை இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம் என்று சொன்னோம், ஒப்புக்கொண்டார்கள். குட்டியை விற்றவருக்கும் எக்ஸ்ரேயோடு எழுதினோம்: அதே ஜோடியை மறுபடி சேர்க்க வேண்டாம், கூடப் பிறந்த மற்ற குட்டிகளை வாங்கியவர்களிடம் நொண்டல் இருக்கிறதா என்று கேளுங்கள் என்று. கூடப் பிறந்த இன்னொரு குட்டி, ஒரு பெண், காலைத் தூக்கித் தூக்கி நடப்பதாகச் செய்தி வந்து இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னோம். அவளுக்கும் அதே நோய்தான், ஆனால் தொடை இன்னும் மெலியாத நிலையில் பிடிபட்டது.

10 முதல் 17 சதவீத நாய்களில் இரண்டு இடுப்பும் பாதிக்கப்படலாம் என்பதால் இடது பக்கத்தை மறக்கவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் இடது இடுப்பை நீட்டிப் பார்த்தோம். 12 மாத வயதில் மறுபடி எக்ஸ்ரே எடுத்தபோது இடது தலை உருண்டையாக, உள்ளே ஒரே சீரான அடர்த்தியோடு இருந்தது. வளர்ச்சித் தகடு மூடியிருந்தது. அந்தப் பக்கம் இந்த நோய் வரும் வயது கடந்துவிட்டது. வலது பக்கம் வெட்டிய முனை மழுங்கி, எலும்பு மறுபடி வளராமல் இருக்கிறது. எடை 3.8 கிலோ, இதற்கு மேல் ஏறவிட வேண்டாம் என்று சொல்லி, இனி ஆண்டுப் பரிசோதனைக்கு வந்தால் போதும் என்று அனுப்பினோம்.